அசல் பிரேக்

பலோமார் ஊர்க்காரர்களுக்கு வில்லிஸ் ஜீப் என்றால் உயிர். பெண்டாட்டியை அடித்தவனைக்கூட ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பக்கத்தில் இடம் விட்டு உட்கார வைப்பார்கள். அப்பன் வைத்துவிட்டுப் போன ஜீப்புக்கு நிறம் மாற்றி அடித்தவனோடு மட்டும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். காப்பித் தோட்டத்துச் சரிவுகளில் வேறு வண்டி ஏறாது என்பது உண்மைதான். அதற்காக ஓர் இரும்பு வண்டியைச் சாமியாக்கிக் கும்பிட வேண்டுமா என்று நொயெமி பல தடவை கேட்டிருக்கிறாள். கேட்டதெல்லாம் வீட்டுக்குள்தான். வெளியே கேட்டால் புருஷனுக்குத் தலைகுனிவு.

அவள் புருஷன் ஓவிடியோ மலைமேல் இருக்கும் அல்தோபோனித்தோவுக்கும் கீழே பலோமார் சதுக்கத்துக்கும் நடுவே ஜீப் ஓட்டுகிறவன். முன்னால் டிரைவரோடு ஒருவர், பின்னால் எதிரெதிர்ப் பலகைகளில் நெருக்கியடித்து எட்டுப் பேர், பின்படியில் கம்பியைப் பிடித்துத் தொங்கத் தைரியம் இருக்கிறவர்கள் எத்தனை பேரோ அத்தனை பேர். கூரைமேல் காப்பி மூட்டை, வாழைத்தார், கோழிக்கூடை. ஆள் கூப்பிட்டு ஏற்றுவது நொயெமியின் வேலை. சந்தை நாளில் சதுக்கத்தில் நின்று, "அல்தோபோனித்தோ! அல்தோபோனித்தோ! இன்னும் ரெண்டே பேரு, ஏறுனதும் கிளம்பிரும்!" என்று அவள் கத்தினால் மணிக்கூண்டுப் புறாக்கள் எழும்பிப் பறக்கும். ஏறினதும் கிளம்பாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் ஏறுவார்கள். நொயெமி ஏறச் சொன்னால் வண்டி போய்ச் சேரும் என்று ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையில்தான் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

ஜீப்புக்கு நாலு சக்கரத்திலும் ஓவிடியோவின் அப்பா காலத்து டிரம் பிரேக். இறக்கத்தில் முதல் தடவை மிதித்தால் பெடல் சும்மா உள்ளே போய்விடும். இரண்டாவது மிதியில் ஏதோ பிடிக்கிற மாதிரி இருக்கும். மூன்றாவது மிதியில்தான் வண்டிக்குத் தன்னை யாரோ கூப்பிடுகிறார்கள் என்று உறைக்கும். இதையெல்லாம் ஓவிடியோ ஒரு குறையாகவே நினைத்ததில்லை. முதல் கியரில் போட்டு, எஞ்சினைக் கொண்டே வண்டியை இழுத்துப் பிடித்து இறக்குவதில் அவன் கெட்டிக்காரன். "பிரேக்கு பயந்தவனுக்கு. எனக்கு கியர் போதும்" என்பான். பின்னால் தொங்குகிறவர்கள் சிரிப்பார்கள். ஆம்பிளைப் பேச்சுக்குச் சிரிக்காமல் இருக்க அந்த மலையில் யாருக்கும் துணிச்சல் கிடையாது.

மார்ச் மாத மழையில் அந்தச் சிரிப்பு நின்றது. தண்ணீர்த் தொட்டியில் தொடங்கி பள்ளிக்கூட வளைவு வரைக்கும் ஒரே இறக்கம். அந்த இறக்கத்தில் கியர் நழுவி, ஓவிடியோ எத்தனை மிதித்தும் பிடிக்காமல், கடைசியில் வண்டியை மலைப்பக்கத்து மண்சுவரில் கொண்டுபோய் மோதி நிறுத்தினான். ஒரு கூடைக் கோழி செத்தது. எல்வியாவின் முன்பல் இரண்டும் போயின.

எல்வியா வேறு யாருமில்லை, நொயெமியின் மூத்த மகளை ஞானஸ்நானத்தில் ஏந்தின ஞானத்தாய். புருஷன் போனபிறகு காப்பிப்பழம் பறித்தே தன் மகளை வளர்த்தவள். செங்குத்துச் சரிவில் இடுப்பில் கூடையைக் கட்டிக்கொண்டு அவள் பறிக்கிற வேகத்துக்கு ஆண்கள் ஈடுகொடுக்க முடியாது. ரத்தம் வழியும் வாயோடு அன்றைக்கு எழுந்து நின்று அவள் சொன்னாள்: "இன்னொரு தடவை உன் புருஷன் வண்டியில நான் ஏறுனா அது பொணமாத்தான்டி இருக்கும்." அதற்குப் பிறகு ஊருக்குப் போக வேண்டுமானால் சாலையோரமாக நடந்தே போனாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் மெல்ல மெல்ல ருபியெல் என்கிறவனின் ஜீப்புக்கு மாறினார்கள். நொயெமி சதுக்கத்தில் கத்திக் கத்தித் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

அப்போதுதான் அவள் வீட்டில் சண்டையைத் தொடங்கினாள்.

"முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் மாத்தணும். பட்டறை எல்மெர்கிட்ட பேசிட்டேன்."

"டிஸ்க்கா? எங்கப்பன் வண்டிக்கா?"

"உங்கப்பனா இப்ப வண்டியில ஏறப்போறாரு? ஏறுறவங்களுக்கு உசுரு வேணுமாம்யா, வாயைத் தொறந்தே சொல்லிட்டாங்க."

"அந்த வண்டியில ஒரு திருகாணிகூட மாறுனதில்லடி. அறுபது வருஷத்துக்கு மேல அப்படியே இருக்கு."

"அதேதான்யா நானும் சொல்றேன். பிரேக்கும் அப்படியேதான் இருக்கு."

இந்தச் சண்டை நாள்கணக்கில் நடந்தது. சோள அரெப்பா சுடும்போது நடந்தது, காப்பி காயப்போடும்போது நடந்தது. கடைசியில், டிஸ்க் மாட்டுகிற வரைக்கும் சதுக்கத்தில் நான் வாயைத் திறக்க மாட்டேன், வேண்டுமானால் நீயே கூப்பிட்டு ஏற்றிக்கொள் என்று நொயெமி சொல்லிவிட்டாள். ஓவிடியோ ஒரு சந்தை நாள் முழுக்கக் கூப்பிட்டுப் பார்த்தான். வெங்காய மூட்டைதான் ஏறிற்று. அடுத்த வாரமே வண்டியை எல்மெரின் பட்டறைக்கு ஓட்டிப்போனான்.

எல்மெர் ஓவிடியோவுக்குச் சித்தப்பா மகன். நல்ல வேலைக்காரன், ஆனால் அண்ணன் பேச்சைத் தட்டத் தெரியாதவன். முன்சக்கரங்களைக் கழற்றி டிரம்மைத் தட்டி எடுத்து உள்ளே பார்த்தான். டிரம்மை அழுத்திப் பிடிக்கிற பிரேக் ஷூவில் லைனிங் தேய்ந்து ஆணித்தலை பளபளத்தது. டிரம்மின் உட்பக்கம் அந்த ஆணிகள் உழுதுபோட்ட கோடு கோடாக இருந்தது. சக்கரத்துச் சிலிண்டரிலிருந்து பிரேக் ஆயில் கசிந்து எல்லாம் ஊறிப்போயிருந்தது.

"அண்ணே, இதுல பிரேக்கு எங்கண்ணே இருக்கு?" என்றான் எல்மெர்.

"என் கால்ல இருக்கு" என்றான் ஓவிடியோ. அப்போதும் அவனுக்கு வீறாப்பு.

உடைத்துப் போட்ட ஒரு சின்ன ஜீப்பிலிருந்து டிஸ்க்கும் அதைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பரும் எடுத்து, பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரையும் அதற்கேற்றபடி புதிதாக வாங்கி மாட்டினார்கள். கடைசியில் பிரேக் குழாயிலிருந்து காற்றை எடுக்க வேண்டியிருந்தது. அதற்குப் பெடலில் ஒரு கால் வேண்டும். ஓவிடியோ வெளியே போய் நின்றுகொண்டான், அப்பன் வண்டிக்கு அறுவை செய்வதைப் பார்க்க மாட்டானாம். நொயெமி ஏறி உட்கார்ந்தாள்.

"மிதிங்கண்ணி. பிடிச்சுக்கங்க. விடுங்க. இன்னொருக்கா மிதிங்க." வண்டிக்கடியில் இருந்து எல்மெரின் குரல் வந்துகொண்டே இருந்தது.

மிதிக்க மிதிக்க அவள் பாதத்துக்கடியில் பெடல் இறுகிக்கொண்டே வந்தது. கடைசியில் மரக்கட்டையை மிதிக்கிற மாதிரி நின்றது. அன்றைக்குத்தான் நொயெமிக்கு, இத்தனை வருஷம் எதை நம்பி மகள்களைக் கூட்டிக்கொண்டு அந்த மலையில் இறங்கினோம் என்று உறைத்தது. பெடலிலிருந்து காலை எடுக்க மனசே வரவில்லை.

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. "புது பிரேக்கு! என் காலாலயே மிதிச்சுப் பாத்தது! அல்தோபோனித்தோ!" என்று சதுக்கம் அதிரக் கூவினாள். சந்தேகப்பட்டவர்களை உட்கார வைத்து, ஓவிடியோவை இறக்கத்தில் சட்டென்று மிதிக்கச் சொல்லிக் காட்டினாள். எல்லாரும் முன்னால் சாய்ந்து ஒருத்தர் மடியில் ஒருத்தர் விழுந்து சிரித்தார்கள். ஆள் திரும்பி வந்தது. எல்வியா மட்டும் வரவில்லை. நடந்தே போனாள், நடந்தே வந்தாள். வழியில் ஜீப்பைப் பார்த்தால் ஒதுங்கி நின்று கையை மட்டும் ஆட்டுவாள்.

அக்டோபரில் ஊரின் ஆண்டு விழா வந்தது. ஜீப் அணிவகுப்பு இல்லாமல் விழா கிடையாது. ஒரு குடும்பத்தின் வீட்டுச் சாமான் அத்தனையையும், கட்டில், மெத்தை, அடுப்பு, நாற்காலி, திரு இருதயப் படம், கோழி, கடைசியில் உச்சியில் மூத்திரச்சட்டி வரைக்கும் ஒரே ஜீப்பில் கோபுரமாகக் கட்டிக்கொண்டு சதுக்கத்தைச் சுற்றி வருவார்கள். அதில் பெரிய பரிசு அசல் வண்டிக்குத்தான். நடுவர்கள் டார்ச் விளக்கோடு வண்டிக்கடியில் படுத்து, தொழிற்சாலையை விட்டு வந்தபோது இருந்தபடியே எல்லாம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஓவிடியோவின் அப்பா அந்தக் கோப்பையை வாங்கியவர். சாராயக்கடைச் சுவரில் அவர் படம் இன்னும் தொங்குகிறது.

அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் ருபியெல் வாயை விட்டான்.

"என்னண்ணே, இந்த வருஷம் அணிவகுப்புக்கு வர்றதா இல்லையா? வந்தாலும் உங்க வண்டியை எந்த வரிசையில விடுறது? அது இப்ப குதிரையும் இல்ல, கழுதையும் இல்லையே. அண்ணி சேர்ந்து கோவேறு கழுதையாக்கிட்டாங்களே!"

கடை முழுக்கச் சிரித்தது. ஓவிடியோவும் சிரித்தான். வீட்டுக்கு வந்து சாப்பாட்டை அப்படியே தள்ளி வைத்தான். நொயெமி கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றான். அவள் வெல்லத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தாள். அவன் சொன்ன பொய்யை அவள் கண்டுபிடிக்காமல் விட்டது அதுதான் முதல் தடவை.

விழாவுக்கு மூன்று நாள் முன்னால், பச்சைப் பெயின்ட் உரிந்த இடத்தில் பூச வேண்டும் என்று சொல்லி வண்டியைக் கொண்டுபோனான். நொயெமிக்கு வீட்டில் தலைக்கு மேல் வேலை. அணிவகுப்பில் கட்டுவதற்கு அவள் வீட்டுச் சாமானையேதான் கொடுத்தாள். கட்டிலைப் பிரித்துக் கழுவினாள், கல்யாணப் போர்வையைத் தோய்த்தாள், அடுப்புக் கரியைச் சுரண்டினாள். வண்டி திரும்பி வந்தபோது பழைய இரும்புச் சக்கரம் பழைய மாதிரியேதான் இருந்தது. அந்தச் சக்கரத்துக்குப் பின்னால் டிஸ்க் இருக்கிறதா டிரம் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தால்தான் தெரியும். அவள் குனிந்து பார்க்கவில்லை. கயிறு பிடித்து மூட்டை கட்டுகிறவளுக்குக் குனிய எங்கே நேரம்?

விழாவன்று விடியுமுன்னே, சாமானை மட்டும் ஏற்றிக்கொண்டு ஓவிடியோ தனியாக மெல்ல இறங்கிப் போனான். கோப்பை அவனுக்குத்தான் கிடைத்தது. ஒலிபெருக்கியில் அவன் பேரைச் சொன்னபோது, அப்பா பேரையும் சேர்த்துச் சொன்னார்கள். அவன் விம்மி அழுதான். பாவம், நொயெமியும் அழுதாள். கட்டில் கால் உச்சியில் கட்டியிருந்த தன் வீட்டுச் சேவல் கூவக் கூவ, சதுக்கத்தில் எல்லாரும் கை தட்ட, அவளுக்கு இந்த மனுஷனைக் கட்டினதில் முதல் தடவையாக ஒரு பெருமை வந்தது. நடுவர்கள் டிஸ்க்கைப் பார்த்தும் எப்படிக் கொடுத்தார்கள் என்று ஒரு கணம் தோன்றாமல் இல்லை. மனசு இரங்கியிருப்பார்கள், அல்லது போதையில் இருந்திருப்பார்கள் என்று விட்டுவிட்டாள். ஊரும் அப்படித்தான் நினைத்தது. சந்தோஷமாக இருக்கும்போது கேள்வி கேட்க யாருக்குப் பிடிக்கிறது?

மாலையிலேயே சாமானோடு மலையேறி வந்து சேர்ந்தார்கள். ஏற்றத்தில் பிரேக்குக்கு வேலையில்லை. காலையில் டிஸ்க்கைத் திரும்ப மாட்டிவிட்டுத்தான் ஆள் ஏற்றுவேன் என்று ஓவிடியோ எல்மெரிடம் சொல்லியிருந்தானாம். எல்மெரும் சொல்லித்தான் அனுப்பினானாம்: "அண்ணே, மாஸ்டர் சிலிண்டர் புதுசு, டிஸ்க்குக்குன்னு உள்ளது. இந்தப் பழைய டிரம்முக்கு அது பிடிச்சு வைக்காது. முன்னைவிட மோசமா பெடல் உள்ள போவும். சமதரையில ஊர்கோலம் போங்க, அவ்வளவுதான். இறக்கத்துல ஆளைப் போட்டு வந்துராதீங்க." இதெல்லாம் எல்மெர் வாயாலேயே நொயெமிக்குப் பிறகு தெரிந்தது. பிறகு எல்லாருக்கும் எல்லாம் தெரியும்.

மறுநாள் காலையில் ருபியெல் விழாவின் போதை தெளியாமல் கிடந்தான், அவன் வண்டி வரவில்லை. ஊருக்கு இறங்க வேண்டியவர்கள் அத்தனை பேரும் நொயெமி வீட்டு வாசலில் கூடிவிட்டார்கள். கோப்பை வாங்கின வண்டியில் இறங்க ஆசை வேறு. "இன்னைக்கு வேணாம், வண்டிக்குக் கொஞ்சம் வேலை இருக்கு" என்று ஓவிடியோ முனகினான். "என்ன வேலைண்ணே, ராஜாவுக்குக் களைப்பா?" என்று ஒருவன் கேலி செய்தான். வேலை என்னவென்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. சொன்னால் கோப்பை வந்த வழி சந்தி சிரிக்கும்.

நொயெமிக்கு அன்றைக்கு இருந்த உற்சாகத்தில் இன்னொன்றும் தோன்றியது. எல்வியாவுக்கு அன்றுதான் பல் கட்ட மருத்துவர் நாள் கொடுத்திருந்தார், மாதக்கணக்காகக் காத்திருந்து கிடைத்த நாள். விழாக் களைப்பில் முழங்கால் வீங்கி நடக்க முடியாமல் அவள் தன் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். நொயெமி நேராக அவள் வீட்டுக்கே போனாள்.

"எந்திரி. வண்டியில போலாம்."

"நான் சொன்னது மறந்துபோச்சாடி?"

"நீ சொன்னது பழைய பிரேக்குக்கு. இது என் காலாலயே மிதிச்சுப் பாத்தது. உன் ஞானமக மேல சத்தியம், கட்டை மாதிரி நிக்கும். பல்லு இல்லாம எத்தனை நாளைக்கு வாயைப் பொத்திக்கிட்டே சிரிப்ப?"

எல்வியா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "உன்னை நம்பித்தான் ஏறுறேன். அவனை நம்பி இல்ல" என்றாள். பின்பலகையின் ஓரத்தில், வீங்கின காலை மடக்க முடியாமல் வெளியே நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நொயெமி முன்னால் ஓவிடியோவுக்குப் பக்கத்தில் ஏறினாள்.

லேசான தூறல். தண்ணீர்த் தொட்டியருகே இறக்கம் தொடங்குகிற இடத்தில் வண்டி நடை வேகத்தில்தான் போனது. பின்னால் யாரோ கோப்பையைப் பற்றிப் பாட்டுக் கட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். நொயெமி எதேச்சையாகக் கீழே பார்த்தாள். ஓவிடியோவின் கால் பெடலை மிதித்தது. விட்டது. மறுபடி மிதித்தது. விட்டது. மறுபடியும் மிதித்தது.

அவளுக்கு ஒரே கணத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. டார்ச் விளக்கு, கோப்பை, பெயின்ட் வேலை, வயிற்று வலி. நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் இவள் பக்கம் திரும்பவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

"சும்மா இரு" என்றான் உதட்டை அசைக்காமல். "பின்னாடி ஆள் இருக்கு. நான் பாத்துக்கறேன்."

அவள் சும்மா இருந்தாள். ஏன் இருந்தாள் என்று பிறகு தன்னையே எத்தனையோ தடவை கேட்டுக்கொண்டாள். பின்னால் பாட்டு நடந்துகொண்டிருந்தது. நேற்றுக் கை தட்டினவர்கள் முன்னால், "இறங்குங்க, பிரேக் இல்ல" என்று கத்த வேண்டும். சதுக்கத்தில் இத்தனை நாள் கூவினதெல்லாம் பொய் என்று ஆகும். இனி ஒரு ஆளும் ஏறாது. இருபது வருஷம் டிரம்மோடே இறக்கினவன்தானே, இறக்கிவிடுவான் என்று நினைத்தாள். வாயை மூடிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தாள். பிடித்தது தன் இடத்தை மட்டும்தான்.

பாதி இறக்கத்தில் வண்டி அவன் பிடியை விட்டுப் போனது. கியர் அலறியது. பின்படியில் தொங்கினவர்கள் புதரில் குதித்தார்கள். ஓவிடியோ பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப்பக்கம் திருப்பினான், அதை மறுக்கக் கூடாது. வண்டி சுழன்று, பின்பாகம் பள்ளிக்கூட வளைவின் பாறையில் மோதி நின்றது. பலகையின் ஓரத்துக்கும் பாறைக்கும் நடுவே எல்வியாவின் கால் இருந்தது.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அறுவை நடந்துகொண்டிருந்தபோது ஓவிடியோ ஆஸ்பத்திரியில் இல்லை. சாயங்காலம் வந்தான். விரலிடுக்கெல்லாம் கறுப்புக் கிரீஸ்.

"எங்கய்யா போன?"

"வண்டியை எல்மெர் பட்டறைக்கு இழுத்துட்டுப் போனாங்க. பாத்துட்டு வந்தேன்."

"கையில என்ன?"

அவன் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "போலீஸ் நாளைக்கு வண்டியைப் பாக்க ஆள் அனுப்புவான். டிஸ்க்கை மாட்டியாச்சு. நீ சொன்ன பிரேக்குதான் இப்ப அதுல இருக்கு. உன் பேச்சும் பொய்யாகாது. வாயைத் தொறக்காத."

"என் பேச்சைக் காப்பாத்தத்தான் மாட்டுனியா?"

"எல்லாரையும் காப்பாத்தத்தான். எல்வியா மருமகன் வெட்டுக்கத்தியைத் தூக்கிட்டு வந்தா நீயா தடுப்ப?"

போலீஸ் அனுப்பின ஆள் வந்து பார்த்தான். பிரேக் நல்ல நிலையில் இருந்தது, ஈரச் சாலை, அதிகப் பாரம் என்று எழுதிக்கொண்டு போனான். அத்தோடு முடிந்திருந்தால் நொயெமி ஒருவேளை தன் வாயை மூடிக்கொண்டே செத்திருப்பாள். ஆனால் ஊருக்கு ஒரு காரணம் வேண்டுமே. புது டிஸ்க் இருந்தும் நிற்கவில்லை என்றால், டிஸ்க்தான் காரணம். அது சூடேறினால் பிடிக்காது என்றான் ஒருவன். அந்த வண்டிக்கு அது சேராது, உடம்பு ஏற்றுக்கொள்ளவில்லை என்றான் இன்னொருவன். டிஸ்க் மாட்டலாம் என்றிருந்த இரண்டு டிரைவர்கள் மனசை மாற்றிக்கொண்டார்கள்.

ஒரு நாள் சாராயக்கடை வழியே போகும்போது உள்ளே ருபியெலின் குரல் கேட்டது. "அப்பன் பிரேக்கோட விட்டிருந்தா இந்தக் கதி வந்திருக்குமாண்ணே?"

அதற்கு அவள் புருஷன் பதில் சொன்னான். பெருமூச்சு விட்டுச் சொன்னான். "நான் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்டா. அவதான் கேக்கல."

நொயெமி வாசலிலேயே நின்றுவிட்டாள். வீட்டிலிருந்து அந்தப் பரிசுக் கோப்பையை எடுத்து வந்து அதாலேயே அவன் மண்டையை உடைக்கலாம் என்று வந்தது. அதைவிட நல்ல வழி இருக்கிறது என்று திரும்பி நடந்தாள். நேராக எல்வியாவின் மகள் வீட்டுக்குப் போனாள். எல்வியாவை அங்கேதான் வைத்திருந்தார்கள்.

எல்வியா சன்னலோரக் கட்டிலில் தலையணையில் சாய்ந்திருந்தாள். போர்வை ஒரு பக்கம் மேடாகவும் ஒரு பக்கம் தட்டையாகவும் இருந்தது. நொயெமியைப் பார்த்ததும் கையை நீட்டினாள்.

"வாடி. எல்லாரும் வந்தாங்க, நீ மட்டும் வரலையேன்னு இருந்தேன். ஊர்ல உன்னைத்தான் திட்டுறானுங்களாமே. நான் சண்டை போட்டேன். நொயெமி பிரேக்கு மாத்துனதாலதான்டா பள்ளத்துல விழாம நின்னோம்னு சொன்னேன்."

நொயெமி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினாள். கோப்பைக்காக டிஸ்க்கைக் கழற்றியது, எல்மெர் எச்சரித்தது, அன்று சாயங்காலமே திரும்ப மாட்டியது, சாராயக்கடையில் பழியைத் தன் தலையில் போட்டது, ஒன்று விடவில்லை. சொல்லச் சொல்ல மார்பிலிருந்து பாறை இறங்குவது போல இருந்தது. "போலீஸ்ல வந்து சொல்றேன், சதுக்கத்துல நின்னு சொல்றேன். அவன் ஜெயிலுக்குப் போனாலும் பரவாயில்ல. நீ சரின்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்."

எல்வியா தலையணையை விட்டு நிமிர்ந்து கேட்டாள். அவள் கண்ணில் கோபம் ஏறுவது தெரிந்தது, அது ஓவிடியோ மேல் ஏறின கோபம். நொயெமிக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

"அந்தப் பாவி" என்றாள் எல்வியா. "எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. உனக்கு எப்ப தெரிஞ்சது? அன்னைக்கு ஆஸ்பத்திரியில அவன் கையைப் பாத்துத்தானா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சொல் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் பொய்யைச் சொல்லிக் களைத்துப்போய்தான் அவள் அங்கே வந்திருந்தாள்.

"இல்ல" என்றாள். "வண்டியிலயே. அவன் கால் மூணு தடவை மிதிக்கறதைப் பாத்தேன்."

"எந்த இடத்துல?"

"தண்ணித் தொட்டிகிட்ட."

அந்த இறக்கத்தை நடந்தே ஏறி இறங்கினவள் எல்வியா. எந்த இடத்தில் வண்டி எவ்வளவு மெதுவாகப் போகும் என்பது அவளுக்குத் தெரியாததில்லை.

"தண்ணித் தொட்டிகிட்ட வண்டி நடக்கற வேகத்துலதானடி போச்சு" என்றாள் மெதுவாக. "ஒரு வார்த்தை கத்தியிருந்தா நான் இறங்கியிருப்பேனே."

நொயெமி வாயைத் திறந்தாள். சதுக்கத்துப் புறாவெல்லாம் பறக்கக் கத்துகிற வாய் அது. ஒன்றும் வரவில்லை.

எல்வியா தன் கையை அவள் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கப் பார்த்தாள், முடியவில்லை. உள்ளே இருந்த மகளைக் கூப்பிட்டாள்.

"இவளை வெளிய அனுப்பிட்டுக் கதவைச் சாத்து. அப்படியே அவ புருஷனைப் பாத்தா, அவனை நான் மன்னிச்சுட்டேன்னு சொல்லிடு. அவனை நம்பி நான் ஏறல."